கடைசி வரிசைக்குக் கேட்டது

வூலாவை முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பரஸ்கெவி என்பது அவள் கழுத்தில் தொங்கும் வழிகாட்டி உரிமச் சீட்டில் மட்டும் இருந்தது. இருபத்தெட்டு வருடமாக ஏதென்ஸிலிருந்து பயணிகளைக் காலையில் கூட்டிப்போய், மைசீனேயின் கோட்டையையும் எபிடாரஸின் கல் அரங்கையும் காட்டி, மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவள். பேருந்தில் தலைகளை எண்ண மாட்டாள், தொப்பிகளை எண்ணுவாள். தலையைவிடத் தொப்பி தொலைவிலிருந்தே தெரியும் என்பாள். வெயிலில் மயங்குகிறவர்களுக்காக ஒரு டப்பாவில் உப்பு வைத்திருப்பாள். நானும் அதே வேலைதான், வேறு நிறுவனத்தில். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

அவள் கணவர் லாம்ப்ரோஸ் தபால் நிலையத்தில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. ஜூலை இருபத்தாறு, புனித பரஸ்கெவி நாளில், அவர்கள் வீட்டில் நாற்காலி போதாமல் ஆட்கள் பால்கனிப் படியில் உட்கார்ந்திருப்பார்கள். தன் பெயர்கொண்ட புனிதரின் நாள்தான் ஒருவருக்குப் பெயர்நாள்; அதற்கு யாரையும் அழைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. தெரிந்தவர்கள் தாமாக வரவேண்டும். வீட்டுக்காரி கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். லாம்ப்ரோஸ் இறந்த வருடம் வூலா எல்லோரிடமும் சொன்னாள், "நான் இனிமே கொண்டாடறதில்ல." துக்க வீடு என்று நாங்கள் ஒதுங்கினோம். மூன்று வருடம் ஓடிவிட்டது.

இந்த வருடம் அந்த நாளில் மைசீனே வாகன நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். கையில் இனிப்புக்கடை அட்டைப்பெட்டி. முதலில் தன் ஓட்டுநர் ஆர்கிரிஸிடம் நீட்டினாள்.

ஆர்கிரிஸ் புகைத்துக்கொண்டிருந்த சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான். பாதாம் இனிப்பு ஒன்றை எடுத்து, சிலுவை போட்டுக்கொண்டான். "கடவுள் அவர மன்னிக்கட்டும், வூலா. தங்கமான மனுஷன்."

கறுப்பு உடுத்திய விதவை தின்ன எதாவது கொடுத்தால் அது இறந்தவர் ஆன்மாவுக்குத்தான். எங்களுக்கு வேறு யோசனையே வராது. சீட்டு கொடுக்கும் பெண்ணும் அதையே சொன்னாள். நானும் எடுத்தேன். "கடவுள் லாம்ப்ரோஸ் அண்ணன மன்னிக்கட்டும்" என்றேன்.

வூலா என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு, "தின்னுடி, உருகிடப்போகுது" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாள்.

பிற்பகலில் எபிடாரஸ் அரங்குக்கு என் கூட்டம் முன்னால் போய்ச் சேர்ந்தது. அவர்களைப் படம் எடுத்துக்கொள்ள விட்டுவிட்டு, நான் மட்டும் கடைசி வரிசைவரை ஏறி, பைன் மரங்களின் நிழல் விழுந்த மூலையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். கீழே வூலாவின் முப்பத்திரண்டு தொப்பிகள் வந்தன. அவர்களை நடுவரிசை வரை ஏறச் சொல்லிவிட்டு, அரங்கின் மையத்தில் இருக்கும் வட்டக்கல்லில் தனியாக நின்றாள். அங்கே நின்று மெல்லப் பேசினாலும் உச்சிவரை கேட்கும் என்பதைக் காட்டத்தான். எல்லோரும் ஒரு தாளைக் கிழித்துக் காட்டுவோம். அவளும் வழக்கமாக அதைத்தான் செய்வாள்.

அன்று தாளை எடுக்கவில்லை. நிமிர்ந்து பார்க்காமல், எங்கள் மொழியில், யாரிடமோ பக்கத்தில் பேசுகிற குரலில் சொன்னாள்:

"இன்னைக்கு என் பேர்நாள். ஏழரைலேர்ந்து வீட்லதான் இருப்பேன்."

நடுவரிசையில் எல்லோரும் கைதட்டினார்கள். பூப்போட்ட சட்டைக்காரர் ஒருவர் அதற்கு என்ன அர்த்தம் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பழைய நாடகத்துல ஒரு வரி" என்று ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள்.

நான் கீழே போனபோது அவள் தொப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளிடம் போகவில்லை. ஆர்கிரிஸிடம் போனேன்.

"அது லாம்ப்ரோஸுக்குக் கொடுத்தது இல்லப்பா. அவ பேர்நாளுக்கு."

அவன் நெற்றியில் அறைந்துகொண்டான். "அட பாவி! நான் வேற சிலுவை போட்டேனே!"

"சாயங்காலம் போவோம், வா."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு? காலைல செத்தவருக்கு வேண்டிக்கிட்டு, ராத்திரி நூறு வருஷம் இருன்னு சொல்லவா? நீ போ மிர்ஸினி. பொம்பளைங்களுக்கு அது வரும்."

ஏழே முக்காலுக்கு ஒரு பூந்தொட்டியோடு போய் மணி அடித்தேன். கதவு திறந்துதான் இருந்தது. வூலா நீல உடையில் இருந்தாள். மூன்று வருடமாக அவளைக் கறுப்பில்தான் பார்த்திருந்தேன்.

"நூறு வருஷம் இருக்கணும், வூலாக்கா."

"வா வா. யார் சொன்னா?"

"யாரும் சொல்லணுமா? நாள் தெரியாதா எனக்கு?"

மேசையில் பன்னிரண்டு கண்ணாடிக் கோப்பைகள், கீரை அடை, பாலாடைக்கட்டி, தர்பூசணித் துண்டுகள். எனக்குச் செர்ரி மது ஊற்றினாள். தனக்கும் ஊற்றிக்கொண்டாள். வெயிலைப் பற்றிப் பேசினோம். மைசீனேயில் உடைந்த கைப்பிடியைப் பற்றிப் பேசினோம். படிக்கட்டில் காலடி கேட்ட போதெல்லாம் அவள் பாதி எழுந்தாள். மேல் மாடிக்காரர்கள்.

"எந்த வரிசைல உக்காந்திருந்த?" என்றாள் திடீரென்று.

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. "கடைசி வரிசை."

"நல்லா கேட்டுச்சா?"

"பக்கத்துல உக்காந்து சொன்ன மாதிரி."

அவள் தலையாட்டினாள். வேலையில் குறை இல்லை என்று தெரிந்துகொண்டவளின் தலையாட்டல்தான் அது. பிறகு கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி வராதீங்கன்னு ஒரு தடவைதான் சொன்னேன்" என்றாள். "இவ்வளவு நல்லா கேட்டுக்குவாங்கன்னு நெனைக்கல."

ஒன்பது மணிக்கு நான் எழுந்தேன். மறுநாள் எனக்கு டெல்ஃபி, விடியற்காலைப் பயணம். அடையை ஈயத்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தாள். பத்துக் கோப்பைகள் கவிழ்த்தபடியே இருந்தன. எடுத்து வைக்க நான் கை நீட்டினேன்.

"இருக்கட்டும்டி" என்றாள். "இன்னும் வெளிச்சம் இருக்கே."

நான் இறங்கி வரும்போதும் கதவைச் சாத்தும் சத்தம் கேட்கவில்லை.