மதினி தொடாமல் விட்ட கால்

எங்கள் மதினி மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா, போதும்" என்றார். நாலு வார்த்தை என்ன, நாற்பதுகூட எழுதலாம். பொறுமைசாலி, உழைப்பாளி, கைராசிக்காரர் என்று போட்டு, மேலே ஒரு குத்துவிளக்குப் படத்தையும் வைத்து அச்சுக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் அந்தக் கைராசி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த எல்லோரும் அதையே சொன்னீர்கள். மதினிக்கு இருந்தது ராசி இல்லை. எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்ற அறிவு. அதை யாருக்கும் விளக்கிச் சொல்லாமலே போய்விட்டார். அதனால் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மதினி பிறந்தது சுருளிப்பட்டியில். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, தாயாருடன் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போனார். பந்தல் வேலை எப்படிப்பட்டது என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். காலையிலிருந்து மாலை வரை கையைத் தலைக்கு மேலே தூக்கியபடியே கொடியைக் கட்ட வேண்டும், குலையைத் திருத்த வேண்டும். வேலை முடிந்தால் கழுத்து திரும்பாது. பெண்கள் ஒருவருக்கொருவர் தோளைப் பிடித்து விட்டுக்கொள்வார்கள். அதில் மதினியிடம்தான் கூட்டம் சேரும் என்று அவருடைய தங்கை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அண்ணனைக் கட்டி உத்தமபாளையம் வந்த பிறகு, கம்பத்தில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் ஆயா வேலை பார்த்தார். அங்கே பிரசவம் பார்த்த மலையாள நர்ஸ் ஒருவர், மதினி சேச்சி சேச்சி என்று சொல்லியே எங்களுக்கும் சேச்சி ஆகிவிட்டவர், கர்ப்பிணிகளுக்கு எப்படிப் பிடித்து விடுவது என்று கற்றுக்கொடுத்தார். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை கொடுத்து, இடுப்பையும் தோளையும் இதமாக நீவ வேண்டும். வயிற்றை அமுக்கவே கூடாது.

தொண்ணூற்றாறு வாக்கில் அந்த மருத்துவமனையை மூடிவிட்டார்கள். மதினி வீட்டு முன்னறையில் பாயை விரித்து, மதிய வேளைகளில் பெண்களுக்குப் பிடித்து விட ஆரம்பித்தார். பந்தலில் பிடித்துக்கொண்ட கழுத்து, நாற்று நட்ட இடுப்பு, தையல் மிஷின் மிதித்த கால், நின்றே பாடம் நடத்திய டீச்சரின் குதிகால் என்று எல்லாம் வந்தன. மாசமாக இருப்பவர்கள் வந்தால் மட்டும் முதல் கேள்வி, "டாக்டர் சீட்டு எங்க?" சீட்டு இல்லை என்றால் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார். இதனால் மதினிக்குத் திமிர் என்று நம் சொந்தத்திலேயே பேசினார்கள். ஒரு மாமியார், மருமகளின் வயிற்றை நீவிப் பிள்ளையைத் திருப்பி விடச் சொல்லி அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்.

"புள்ளை என்ன தோசையா, திருப்பிப் போட? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் மதினி.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால், ஏன் கூடாது என்று அந்த அம்மாள் கேட்டதற்கு மதினி பதிலே சொல்லாமல் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருடைய சுபாவமே அதுதான். கூடாது என்றால் கூடாது, அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் படித்தவள் டாக்டர் மாதிரி விளக்கம் சொன்னால் சிரிப்பார்கள் என்ற கூச்சம் அவருக்கு இருந்தது என்கிறார் அண்ணன். அந்தக் கூச்சத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

தொண்ணூற்றெட்டில் என் வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். பெரியம்மாவும் சித்தியும் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். இடது கால் கடுக்கிறது என்று பாயில் படுத்தேன். மதினி எண்ணெயைச் சூடு பண்ணி எடுத்து வந்தார். ஆடுசதையைப் பார்த்தார். புறங்கையை வைத்துப் பார்த்தார். கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"எந்திரி. தேனிக்குப் போகணும்."

"எதுக்கு மதினி? பிடிச்சு விட்டா சரியாப் போயிரும்."

"ஒத்தக் கால் மட்டும் வீங்கிச் சூடா இருக்கு. நான் தொடமாட்டேன். எந்திரின்னா எந்திரி."

"மாசமா இருக்கவளுக்குக் கால் வீங்காம வேற யாருக்குடி வீங்கும்?" என்று பெரியம்மா சத்தம் போட்டார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "ஊருல இருக்கவளுக்கெல்லாம் அமுக்கி விடுறீக, நாத்தனான்னா மட்டும் கை நோகுதோ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். மதினியின் முகம் சுண்டிப்போயிற்று. போய் ஆட்டோவைக் கூட்டி வந்தார்.

தேனியில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். காலில் ரத்தம் கட்டியிருந்ததாம். பிரசவம் வரைக்கும் ஊசி போட்டார்கள். நான் பயந்துவிடக் கூடாது என்று டாக்டர் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரிடமும் மதினியிடமும்தான் சொன்னார். மகள் நல்லபடியாகப் பிறந்த பிறகு மதினியிடம் கேட்டேன். "அதெல்லாம் ஒனக்கு எதுக்கு? புள்ளையப் பாரு தாயி" என்றார். மாசமாக இருக்கும்போது வருகிற ஏதோ ஒன்று என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

மதினிக்கு இன்னொரு குணமும் உண்டு. தன்னைத் தொட்டு யாரும் பணிவிடை செய்ய விடமாட்டார். நாள் பூராவும் அடுத்தவர் உடம்பைப் பிடித்துவிட்டுத் தோள் கடுத்து உட்கார்ந்திருப்பார். நான் கை வைத்தால் "வேணாம் தாயி, போய் வேலையப் பாரு" என்பார். காப்பி போட்டுத் தரட்டுமா என்றாலும் வேணாம். காய்ச்சலுக்குக் கஞ்சி வைக்கவா என்றாலும் வேணாம். நாங்கள் அந்த வேணாமைக் காதில் போட்டுக்கொள்வதையே விட்டுவிட்டோம்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடது காலில் மாவுக்கட்டு போட்டு ஒன்றரை மாதம் படுத்திருந்தார். துணைக்கு நான் வந்து தங்கினேன். கட்டுப் பிரித்த பிறகு கால் வீங்கியது. "கட்டுப் பிரிச்சா வீங்கத்தான் செய்யும். திங்கக்கிழமை எப்படியும் டாக்டரப் பாக்கப் போறோம்ல" என்றார் மதினி. சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணெயைச் சூடு பண்ணி எடுத்துக்கொண்டு போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"வேணாம் தாயி."

"சும்மா இருங்க மதினி."

"சொன்னாக் கேளு, வேணாம்."

"ஊருக்கெல்லாம் செஞ்சீக. ஒரு நாளு நான் செய்யக் கூடாதா? என் கை ஒங்களுக்கு ஆகாதோ?"

மதினி என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நான் கேட்டது அவருக்கு ஞாபகம் வந்ததா, மாத்திரை அசதியா, எனக்குத் தெரியாது. ஆடுசதையைக் கால் மணி நேரம் உருவி விட்டேன். சூடாக இருந்தது. எண்ணெய்ச் சூடு என்று நினைத்தேன்.

மறுநாள் காலை காப்பித் தம்ளரை வாங்கும்போது மூச்சு முட்டுகிறது என்றார். தேனிக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

"கால யாராவது அமுக்கி விட்டீங்களா?" என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "நான்தான்" என்றேன். "அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா அமுக்கியிருக்கக் கூடாது" என்றார். வீட்டுக்கு வந்தால், "யாருக்கும் தொந்தரவு இல்லாமப் போயிட்டாக, புண்ணியவதி" என்று ஆளாளுக்குச் சொன்னீர்கள். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

மதினி சொல்லாமல் விட்டதை, அந்த டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நான் சொல்லிவிடுகிறேன். கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருந்தால், அமுக்கும்போது அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடலாம். மாசமாக இருப்பவர்களுக்கு மட்டும் இல்லை, கட்டுப் போட்டுப் படுத்திருந்தவர்களுக்கும் இது வரும். ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் கை வைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மதினி பெயரைச் சொல்லி, வயிற்றை நீவி விடுகிறேன் என்று யாராவது வந்தாலும் விடாதீர்கள். அவர் ஒருநாளும் அதைச் செய்ததில்லை.

இதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். நான் கால் பிடித்து விட்டது அதுவரை அவருக்குத் தெரியாது. கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். "அச்சுக்குக் குடுத்துரு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டவுடன் வந்த ஆட்டோத் தம்பிக்கும், மூன்று நாளும் எங்கள் வீட்டுக்குச் சோறு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தாருக்கும், சுருளிப்பட்டியிலிருந்து திரண்டு வந்த பந்தல் வேலைப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் மகள் இப்போது ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். மதினி, அன்றைக்கு என் காலைத் தொடாமல் விட்டீர்களே, அதற்கு நான் ஒரு தடவைகூட உங்களுக்கு நன்றி சொல்லவில்லை.