வயலினோடு பார்த்த செத்தவீடு

ஒஸ்லோவில் ஒரு நூலகத்தில், திரும்பி வருகிறவற்றை அடுக்கிவைக்கும் வேலை எனக்கு. புத்தகங்களோடு இசைத்தட்டுகளும் வரும். ஒன்றின் அட்டையில் பரோக் காலத்து ஜெர்மன் இசையமைப்பாளர் ஒருவரின் ஓவியம்: பொய்முடி, சதை தொங்கும் தாடை, சோறு குழைந்துபோன கோபத்தில் இருக்கும் மாமனாரின் பார்வை. இந்த முகத்திலிருந்தா இசை வரும் என்று பகிடிக்குத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தனி வயலின். முடியும்வரை சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

பிறகு அவரைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் வாசித்தேன். தான் வேலைபார்த்த இளவரசரோடு வெளியூர் போன மனிதர் திரும்பி வந்தபோது, மனைவியை அடக்கம் செய்தே முடித்துவிட்டார்களாம். அந்த வயலின் இசை அவளுக்காகத்தான் என்பார்கள் சிலர். ஆதாரமில்லை என்பார்கள் வேறு சிலர். அவருக்காவது ஓவியம் இருக்கிறது. அவளுடைய முகம் இதுதான் என்று காட்ட ஒன்றும் இல்லை. இதை மனைவியிடம் சொல்லிச் சொல்லி அலுக்கவைத்தேன்.

அடுத்த மாரியில் யாழ்ப்பாணத்தில் அம்மா போய்விட்டார். என்னிடம் இருந்தது அகதிகளுக்கான பயணப் பத்திரம். இலங்கை தவிர எல்லா நாடுகளுக்கும் போகலாம் என்று அதில் அச்சடித்திருந்தது. வேறு எந்த நாடு எனக்கு வேண்டும்?

எங்கள் ஆட்களின் வழக்கப்படி, செத்தவீட்டை வீடியோ எடுத்து அக்கா அனுப்பிவைத்தார். ஒஸ்லோவின் ஓரத்தில், பியோர்ண்டாலில் இருந்த எங்கள் வீட்டு அலுமாரியில் அந்தக் கசெற் கிழமைக்கணக்காகக் கிடந்தது. அம்மாவைப் பார்க்கும் ஆசை வாட்டியது. பார்த்துவிட்டால் அவர் இல்லை என்று ஆகிவிடுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"அந்த மனுசனுக்கு முகம் பார்க்கக் கிடைக்கேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? ஒருக்காப் போட்டுப் பாருங்கோவன்," என்றாள் மனைவி.

ஒரு ஞாயிறு மத்தியானம் போட்டேன். சோகம் போதாதென்று வீடியோக்காரர் சினிமாப் புல்லாங்குழல் ஒன்றைச் சேர்த்திருந்தார். எரிச்சலில் தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்திவிட்டு வயலின் தட்டைப் போட்டேன். அம்மாவின் முகம் வந்தது. நன்றாக மெலிந்திருந்தார். அந்த நெற்றியை ஒருதரம் தொட்டால் போதும் என்று இருந்தது.

அக்கா எங்களை நேரே பார்த்து வாயசைத்தார்.

"அக்கா என்னவோ சொல்லுறா. சத்தத்தை வையுங்கோ," என்றாள் மனைவி.

வயலினை நிறுத்தினேன். கசெற்றைக் கொஞ்சம் பின்னுக்கு ஓட்டிச் சத்தத்தைக் கூட்டினேன்.

"எணை அம்மா, கண்ணைத் திறந்து பாரணை." அக்கா அம்மாவின் கன்னத்தைத் தடவியபடி கமெராவைக் காட்டினார். "தம்பி வந்திட்டான். இஞ்சை, உன்ர கால்மாட்டிலை நிக்கிறான்."

நான் எழுந்து தொலைக்காட்சிக்கு முன்னால் போய் நின்றேன்.