பாயில் எடுத்த தூசி

குழந்தைகள் ஆஸ்துமா ஆய்வுக்காக வந்த பெண், என் மகளின் படுக்கையில் தூசி உறிஞ்சும் சின்ன மிஷினை ஓட்டினாள். அந்த உறுமல் கேட்டதும் எனக்கு ஆறு வயதாகிவிட்டது.

முத்தியால்பேட்டையில் அதே ஆய்வில், பிறந்தபோதே என்னையும் சேர்த்திருந்தார்கள். வருடா வருடம் ஆய்விலிருந்து செல்வி அக்கா வந்து என் பாயிலிருந்து தூசி எடுப்பார். அந்த வருடம், மில் வேலை முடிந்து வந்த களைப்பிலும், அம்மா முதல்நாளே பாயை உதறி வெயிலில் போட்டுவிட்டாள்.

“தூசி எடுக்கத்தானேக்கா வந்தேன்! நீங்களே தட்டிட்டா எப்படி?” என்றார் செல்வி அக்கா.

“வூட்டுக்கு வர்றவங்களுக்கு அழுக்கையா காட்டறது?” என்றாள் அம்மா.

தூசி கிடைக்கவில்லை. ஆனால் என் முதுகில் காதை வைத்த அக்காவுக்கு இழுப்பு கேட்டது. அவரே ஸ்கூட்டியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நான் இன்று நிம்மதியாக மூச்சு விடுவது அந்தக் காதின் புண்ணியம்.

“ஒரு வாரமா படுக்கைய தட்டலையேக்கா?” என்று மிஷினை நிறுத்திவிட்டு இந்தப் பெண் கேட்டாள்.

“தொடப்பத்தையே ஒளிச்சு வெச்சிட்டேன்” என்றேன்.

அம்மா எங்களோடுதான் இருக்கிறாள்.