ஹைட்ரேஞ்சியா பத்தி எழுதினத யாரு வாசிச்சா?

மெஷின்ல இருந்து சுடச்சுட வெளிய வர்ற போட்டோ கொப்பி பேப்பரோட வாசம்... வெளிய ஹட்டன் மழை. பனி உள்ள வந்துரும்னு கதவ பாதி சாத்தி வச்சிருப்போம்.

ரெண்டாயிரத்துக்குப் பிந்தின வருஷங்க அது. டவுன்ல ஒரு கொமினிகேஷன் கடையில எனக்கு வேல. வெளிநாட்டுக்குப் போன் கோல் எடுத்துக் குடுக்கணும், டைப் பண்ணணும், நெட் பாக்க வர்றவங்களுக்கு கம்ப்யூட்டர் போட்டுக் குடுக்கணும்.

வீடு தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசையா ஒட்டிக் கட்டின வீடுகள்ல ஒண்ணு. வாசல்ல கெடந்த கையளவு எடத்துல நானும் அம்மாவும் பூச்செடி வளர்த்தோம். டேலியா, பிகோனியா, கொத்துக் கொத்தா நீல ஹைட்ரேஞ்சியா... பால்மா டின், உடைஞ்ச பேசின், எது கெடச்சாலும் அதுல ஒரு செடி இருக்கும்.

பூச்செடி வளக்குறவங்களுக்குன்னே கொழும்புல இருந்து ஒரு சஞ்சிகை வந்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு ரெண்டு மூணு தடவ எழுதிப் போட்டேன். ஒருநாள் அதோட ஆசிரியர் கடைக்கே கோல் எடுத்தார்.

"தங்கச்சி, எங்களுக்கு இப்ப வெப்சைட் இருக்கு. அதுல கிழமைக்கு ஒரு ப்ளொக் எழுதுறீங்களா?"

"ப்ளொக்னா என்னங்க சேர்?"

"செடி வளக்குறப்ப மனசுல படுறத எழுதுங்க. அவ்வளவுதான்."

அன்னைக்கு சாயங்காலம் பஸ்ஸுல எடம் இருந்துச்சு. எனக்கு உக்காரத் தோணல...

மத்தியானம் கடையில ஆள் இல்லாத நேரமாப் பாத்து எழுதுவேன். மொதலாளி நாநா எட்டிப் பாத்து, "எழுது புள்ள எழுது, போன் பில்லு எனக்குத்தானே வருது"ன்னு சிரிப்பார். ஆனா ஒருநாளும் வேணாம்னு சொன்னதில்ல.

மொத வரியில எப்பவும் மழையப் பத்தி எழுதிருவேன். பெருசா ஒரு காரணமும் இல்ல. ஹட்டன்ல இருந்துக்கிட்டு வேற எதச் சொல்லித் தொடங்குறது?

ஆனா எழுதி என்ன... ஒவ்வொரு பதிவுக்குக் கீழயும் "கருத்துகள் இல்லை"ன்னு இருக்கும். போன கிழமையும் அப்பிடித்தான், இந்தக் கிழமையும் அப்பிடித்தான்.

அம்மா கேட்டுச்சு. "கடுதாசி போட்டாலும் பதில் வரும். இதுக்கு என்னடி வருது?"

ஒரு வருஷத்துக்கு மேல இப்பிடியே ஓடுச்சு. அப்புறம் ஆசிரியர் கோல் எடுத்தார். குரல்லயே தெரிஞ்சுச்சு.

"சஞ்சிகைக்கு கடிதம் குவியுது தங்கச்சி. ப்ளொக்க யாராச்சும் பாக்குறாங்களான்னே தெரியல. நிப்பாட்டலாம்னு யோசிக்கிறோம்..."

அந்தக் கிழமை செடியப் பத்தி ஒண்ணும் எழுதல. 'இத யாராவது வாசிக்கிறீங்களா? ஒரே ஒரு வரி எழுதுங்க'ன்னு மட்டும் போட்டேன். போட்டுட்டு, கஸ்டமர் எந்திரிச்சுப் போற நேரமெல்லாம் தொறந்து தொறந்து பாத்தேன்.

ஒண்ணும் வரல. அழுகை வந்துச்சு... கடைக்குள்ள எங்க அழுவுறது?

பத்து நாள் போயிருக்கும். கடை போன் அடிச்சுச்சு. யாழ்ப்பாணத்துப் பேச்சு, பொம்பளக் குரல்.

"பூவைப் பற்றி எழுதுற பிள்ளையோ கதைக்கிறது? நான் உடப்புசல்லாவையில படிப்பிக்கிறன். சனிக்கிழமையில நுவரெலியாவுக்கு வந்து ஒரு நெட் கடையில உங்கட எழுத்த வாசிக்கிறனான். சஞ்சிகைக் கந்தோரில கேட்டு இந்த நம்பர வாங்கினன்."

"ஒரு வரி கூட எழுதலையே டீச்சர்"ன்னு கேட்டுட்டேன்.

"எழுதிப் பாத்தனான் பிள்ளை. தமிழில அடிச்சா கட்டம் கட்டமா வருது. இங்கிலீசில எழுதினா என்ர மனசில இருக்கிறது வருகுதில்ல. தயவுசெய்து நிப்பாட்டிப் போடாதேங்கோ."

அடுத்த சனிக்கிழமை நேராவே வந்து நின்னாங்க! ரெண்டு பஸ் மாறி. பருத்திச் சேலைக்கு மேல ஸ்வெட்டர், கையில ஈரப் பேப்பர்ல சுத்தின ஒரு ஹைட்ரேஞ்சியா. நான் எழுதினபடியே கிளை வெட்டி நட்டது, பூத்துருச்சாம்.

நாநா என்னைய டீ குடிக்க அனுப்பினார். பக்கத்து ஹோட்டல்ல உக்காந்தோம். அவங்க வெளிய பாத்துக்கிட்டே சொன்னாங்க.

"சண்டையால யாழ்ப்பாணப் பாதை பூட்டினாப் பிறகு லீவுக்கும் வீட்ட போகேலாது. போடிங் அறையில நானும் சுவரும்தான். நீங்கள் முதல் வரியில மழை எப்பிடி எண்டு எழுதுவீங்கள் என்ன? அத வாசிச்சா ஆரோ என்னட்டக் கேட்ட மாதிரி இருக்கும். பஸ்ஸில திரும்பிப் போகேக்க, இஞ்ச மழை இப்பிடித்தான் பிள்ளை எண்டு மனசுக்குள்ள பதில் சொல்லிக்கொண்டு போவன்."

நான் டீய அப்பிடியே ஆற விட்டுட்டேன்...

ஆசிரியர்கிட்ட சொன்னேன். மனுஷன் நல்லவர்தான். "ஒரு ஆளுக்காக நடத்த ஏலாதே தங்கச்சி"ன்னார். அந்த மாசத்தோட ப்ளொக் நின்னுருச்சு.

நான் நிப்பாட்டல. கிழமைக்கு ஒண்ணு எழுதி டீச்சருக்குத் தபால்ல போட்டேன். பதில் வரும். பாதை தொறந்த பிறகு அவங்களுக்கு ஊருக்கே மாற்றம் கெடச்சுச்சு. 'இஞ்ச வெயில், உங்கட பூ நிக்காது பிள்ளை'ன்னு ஒரு கார்ட் வந்துச்சு. அப்புறம் எனக்குக் கல்யாணம், விலாசம் மாறி... விட்டுப் போச்சு.

போன மாசம் அந்த வெப்சைட்டத் தேடுனேன். எதுவுமே இல்ல. மக பக்கத்துல இருந்து எட்டிப் பாத்தா.

"அம்மா, ஒங்க ப்ளாக்குக்கு எத்தன வியூஸ்?"

"தெரியல. எனக்குத் தெரிஞ்சு வாசிச்சது ஒருத்தங்கதான்."

"ஒருத்தங்களா!"ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன்.

இப்ப ஒரு பூ போட்டோ போட்டாப் போதும், டீ கொதிக்கிறதுக்குள்ள நூறு ஹார்ட் விழுந்துருது. பொய் சொல்லக் கூடாது, சந்தோஷமாத்தான் இருக்கு.

ஆனா அந்த நூறு பேர்ல ஒருத்தராவது, இன்னைக்கு அவங்க ஊர்ல மழையா வெயிலான்னு எனக்குச் சொன்னா நல்லா இருக்கும்...