மூன்றாவது தடவை கேட்கும்வரை

நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் யார் வீட்டுக்குக் காபி குடிக்கப் போனாலும் ஒரு தகர டப்பா வரும். திறந்து நீட்டுவார்கள். அதிலிருந்து ஒரே ஒரு பிஸ்கட் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘கூக்யே’ என்று அதற்குப் பெயர். எடுத்ததும் மூடி போட்டு டப்பா அலமாரிக்குப் போய்விடும். இந்த ஊருக்கு நான் வந்த முதல் வாரம், வீட்டுக்கார அம்மாள் டப்பாவை நீட்டியபோது, “வேண்டாம், பரவாயில்லை” என்றேன். வெள்ளகோவிலில் பிறந்தவள் வேறென்ன சொல்வேன்? காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, வெண்ணெய் வாசம் வேறு மூக்கைத் துளைக்கிறது. அந்த அம்மாள் “நல்லது” என்று சிரித்தபடியே மூடியை அழுத்திவிட்டார். வயிறு கூச்சல் போட, இந்நாட்டு மழையைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு எழுந்து வந்தேன்.

நம் பக்கத்து நடப்பு உங்களுக்குத் தெரியாததா? கோயமுத்தூரில் நான் கல்லூரியில் படித்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் சரவணம்பட்டியில் இருந்த அத்தை வீட்டுக்குப் போவேன். செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை ஆரம்பித்துவிடுவாள். “காபி குடிக்கறயா கண்ணு?” “வேண்டாமுங்கத்தை, இப்பத்தான் குடிச்சேன்.” “அட, அரை டம்ளர் குடி.” “அய்யோ, வேண்டாமுங்க.” மூன்றாவது தடவை கேள்வி வராது, முழு டம்ளரே வரும். கூடவே ஒரு தட்டு முறுக்கும் வரும். முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்கு, இரண்டாவது வளர்ப்புக்கு. கேட்டதும் வாங்கிக் குடிப்பவளை ‘நாலு பேர் ஊட்டுக்குப் போய்ப் பழகாத புள்ளை’ என்பார்கள். அந்தப் பேர் எடுப்பதைவிடப் பட்டினி கிடப்பது மேல் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

நான் வரலாறு படித்தவள். ‘கம்ப்யூட்டர் படிக்கற காலத்துல செத்துப்போன ராசாக்களப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறே’ என்று உறவுமுறையில் கேட்காதவர்கள் கிடையாது. முனைவர் பட்டத்துக்கு, நம் கிழக்குக் கரையில் டச்சுக் கம்பெனி துணி வாங்கிய கதையை எடுத்துக்கொண்டேன். அந்தக் காகிதங்களில் பெரும்பகுதி ஹேக்கில் இருக்கிறது. பழைய டச்சு மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விமானம் ஏறினேன். ஆவணக் காப்பகத்தில் ஒருநாள் கம்பெனி அதிகாரி ஒருவரின் கடிதம் கைக்கு வந்தது. உள்ளூர்த் தலைவருக்குப் பரிசு கொண்டுபோனாராம். தலைவர் ‘எதற்கு இதெல்லாம்’ என்று மறுத்தாராம். அதிகாரியும் சரியென்று பரிசை மூட்டை கட்டிக்கொண்டு திரும்பினாராம். அன்றிலிருந்து ஆறு மாதம் ஒரு முழத் துணி கிடைக்கவில்லை, காரணமே விளங்கவில்லை என்று புலம்பியிருந்தார். அந்த அமைதியான அறையில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடப் பாவி, இன்னும் இரண்டு தடவை கேட்டிருக்கக் கூடாதா!

இதை வைத்து ஒரு கருத்தரங்கில் நான் படித்த கட்டுரையைக் கேட்க வந்தவர்களில் ஹெங்க் என்பவரும் ஒருவர். வெளியுறவு அலுவலகத்தில் ஆசிய விவகாரங்களைப் பார்ப்பவர். ஆறரை அடி உயரம், மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைக்கும் ஆள். “எங்களுக்குத் தெற்காசிய ஆலோசகர் வேண்டும். வருகிறீர்களா?” என்றார். எனக்கு உள்ளே துள்ளல் தாங்கவில்லை. வாய் என்ன சொன்னது தெரியுமா? “நானா? என்னைவிடப் பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே.” அவர் ஒரு நிமிடம் யோசித்தார். “வருத்தம்தான்” என்று கைகுலுக்கிவிட்டுப் போயே போய்விட்டார்.

மூன்று வாரம் காத்திருந்தேன். இரண்டாவது தடவை கேட்க ஆளே வரவில்லை. வேறொருவரை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்ததும் வெட்கத்தை மென்று விழுங்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். “அன்றைக்கு நான் வேண்டாம் என்றது மரியாதைக்கு. எனக்கு அந்த வேலை வேண்டும்” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மெஃப்ராவ் சாந்தாமணி, இதை அன்றே சொல்லியிருந்தால் எனக்கு மூன்று வாரம் மிச்சமாகியிருக்குமே!” கோபமில்லை, உண்மையாகவே கணக்குப் போட்டுத்தான் சொன்னார். வேலை கிடைத்தது. நான் எழுதிக்கொடுத்த முதல் குறிப்பின் முதல் வரி: ‘தெற்காசியாவிலிருந்து வருகிறவர் வேண்டாம் என்றால், இன்னும் இரண்டு தடவை கேளுங்கள்.’ அலுவலகத்தில் அதற்குச் சாந்தாமணி விதி என்று பெயரே வைத்துவிட்டார்கள். நானும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

நாலைந்து வருடம் போனது. ஒருநாள் காலை ஹெங்க் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். பாசனத் திட்டம் ஒன்றில் சேர்ந்து வேலை செய்வதைப் பற்றிப் பேச நம் நாட்டிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. அதன் தலைவர், ‘உங்களுக்கு எதற்கு வீண் சிரமம்’ என்று சொல்லிவிட்டாராம். “முடிந்தது கதை” என்றார் ஹெங்க். “முடியவில்லை, இப்போதுதான் ஆரம்பிக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி கேளுங்கள்” என்று அவரை விரட்டிவிட்டேன். அவர் கதவைத் தாண்டவும் தொலைபேசி மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

என் தம்பி குமரேசன், வெள்ளகோவில் ஐஎஸ்டி பூத்திலிருந்து கூப்பிட்டான். கோயமுத்தூரில் பம்பு மோட்டார் பட்டறை வைத்திருப்பவன். என்னைவிட ஆறு வயது இளையவன். எனக்கென்று உடன்பிறந்தவன் அவன் ஒருவன்தான்.

“ஏனுங்கக்கா, நல்லா இருக்கீங்களா? கல்யாணத்துக்குத் தேதி குறிச்சாச்சுங்க. வர்ற மாசமுங்க.”

“அட, ரொம்ப சந்தோசம்டா!”

“அவ்வளவு தூரத்துலிருந்து நீங்க வரோணும்னு இல்லீங்க. வேலை இருக்கும். எதுக்குங்க சிரமம்?”

மேசையில் கிடந்த கோப்புகளைப் பார்த்தேன். “ஆமாண்டா, தலைக்கு மேல வேலை. நீயே சொன்னது மனசுக்கு லேசா இருக்குது. போட்டோ அனுப்பிரு.”

“அப்படீங்களா?” என்ற அவன் குரல் தேய்ந்து கேட்டது. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம், “சரிங்கக்கா. வெச்சர்றேனுங்க” என்றான்.

அன்று சாயங்காலம் குழுத் தலைவர் மூன்றாவது தடவையில் ஒப்புக்கொண்டார். ஹெங்க் ஒரு டப்பா பிஸ்கட்டை அப்படியே என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து வீடியோ கேசட் வந்தது. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் பக்கத்தில் மணப்பெண் வந்து உட்காருமுன் அவன் உடன்பிறந்தவள் உட்கார வேண்டும். கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அவன் பிடித்துக்கொள்வான், மறு தலைப்பை அவள் பிடித்துக்கொள்வாள். பொறந்தவனும் பொறந்தவளும் என்றைக்கும் விட்டுப்போகக் கூடாது என்பதற்கான சீர் அது. வீடியோவில் குமரேசன் மட்டும் உட்கார்ந்திருந்தான். பக்கத்துப் பலகை காலியாக இருந்தது. அவன் பந்தல் வாசலைப் பார்த்தான். குனிந்தான். மறுபடி பார்த்தான். கடைசியில் யாரோ சித்தப்பா பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தார்கள். சோற்றுத் தட்டைக் கீழே வைத்தேன்.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அவன் வேண்டாம்னு சொன்னானேம்மா!”

“ஆமா, சொன்னான். மொத வார்த்தையிலயே எவளாச்சும் சரீங்குவாளா அம்மிணி? ‘அதெப்படிடா வராம இருப்பேன்’னு நீ சண்டைக்கு வருவேன்னு நெனச்சானாமா. உனக்குன்னு சீர்ச்சேலை எடுத்து வெச்சிருந்தான். கடைசி வரைக்கும் வேற யாருக்கும் அதைப் பீரோவுல இருந்து எடுக்க உடலையே.”

ஒரு நாட்டுக்கே விதி எழுதிக்கொடுத்தவளுக்குச் சொந்தத் தம்பியின் ‘வேண்டாம்’ விளங்கவில்லை. பரிசை மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிய அந்தக் கம்பெனி அதிகாரியைப் பார்த்தா நான் சிரித்தேன்? அழுகை அழுகையாக வந்தது. மறுநாள் ஹெங்க்கிடம் போய், “எனக்கு விடுமுறை வேண்டும், உடனே” என்றேன். “ம், தேறிவிட்டீர்கள்” என்று கையெழுத்துப் போட்டார்.

சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளகோவிலில் போய் இறங்கினேன். அம்மா போன் போட்டதும் பட்டறையிலிருந்து பஸ் பிடித்து மத்தியானத்துக்குள் வந்துவிட்டான் குமரேசன். என்னைப் பார்த்ததும், “வாங்கக்கா” என்றான். அவன் மனைவி காபி வேண்டுமா என்று கேட்டாள். நான் வேண்டும் என்றேன். பாவம், புதுப்பெண், திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவன் உள்ளே போனான். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அரக்கு நிறப் பட்டுச்சேலை ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான்.

“சும்மா எடுத்ததுங்க. இனி எதுக்குன்னு நெனைப்பீங்க. இருந்தாலும்…”

வெள்ளகோவில் பெண்ணாக நடந்துகொள்வதென்றால், ‘அட, எதுக்குடா இதெல்லாம்’ என்று நான் இரண்டு தடவை தள்ள வேண்டும். அவன் இரண்டு தடவை நீட்ட வேண்டும். நான் அவன் முடிப்பதற்குள் எழுந்து, இரண்டு கையாலும் சேலையைப் பற்றிக்கொண்டேன். வேகத்தில் மடிப்புக் கலைந்து ஒரு தலைப்பு அவன் கையிலேயே நின்றுவிட்டது.

மூன்று தடவை கேட்பதற்குத் தயாராக வந்தவன், மீதி இரண்டு தடவையை என்ன செய்வதென்று தெரியாமல், தலைப்பை விடாமல் நின்றுகொண்டிருந்தான்.