மூன்று நிமிடம் முந்திய பாங்கு

கமருன்னிசாவின் கணவர் தௌஹீத் ஷார்ஜாவில். மாமனார் ஜவஹர் அலி, அவர்கள் தெருப் பள்ளிவாசலின் மோதினார். ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்பவர். காரைக்காலிலேயே கணினி படித்த கமருன்னிசா, சமையல் முடிந்த மதியங்களில் தானாக ஒன்றைக் கற்கத் தொடங்கினாள்: விண்டோஸ், ஆண்ட்ராய்டு எதுவும் இல்லாத வெறும் சிப்புக்கு, மின்சாரம் வந்ததும் என்ன செய்ய வேண்டுமென்று எழுதித் தருவது. மூன்று மாதத்தில் ஒரு குட்டி விளக்கு கண்சிமிட்டியது.

“மூணு மாசமா இதுக்கா தட்டிக்கிட்டு இருந்தே? ஸ்விட்சப் போட்டா எனக்கும் எரியுமே” என்றார் மோதினார்.

“நீங்க போடணும்ல மாமா. இது தானா எண்ணிப் போடுது.”

நொடிக்கு ஆயிரம் முறை சிப் அவள் நிரலைத் தட்டி எழுப்பும். அந்தத் தட்டுகளை எண்ணினால் கடிகாரம். எண்ணும் வேலையையும் எண்களை ஒளிரவைக்கும் வேலையையும் பங்கிட்டுத் தரும் ஒரு சின்ன மைய நிரலை, கெர்னலை, எழுதினாள். பள்ளிவாசலில் பழுதாகிக் கிடந்த நேரப் பலகைக்குள் அதை வைத்து, வீட்டில் ஃபேனுக்கடியில் பத்து நாள் ஓட்டிப் பார்த்தாள். சில நொடிகளுக்கு மேல் பிசகவில்லை.

ரமலான் ஆறாம் நாள் காலை மாட்டினார்கள். உள்ளே அல்ல, தெருப் பெண்களும் பார்க்கட்டும் என்று வெளிச்சுவரில், மேற்கு பார்த்து. மாலையில் மோதினார் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மருமகளின் பலகையைப் பார்த்துப் பாங்கு சொன்னார். தெரு நோன்பு திறந்தது. பேரீச்சம்பழத்தைக் கடித்த பிறகுதான் கமருன்னிசா போனைப் பார்த்தாள். சூரியன் மறைய இன்னும் மூன்று நிமிடம் மீதி இருந்தது.

பக்கத்துத் தெருப் பாங்கு பிறகுதான் கேட்டது. கருவாட்டு வியாபாரி மீரா சாகிப் வாசலில் மூக்கால் சிரித்தார். “இன்னக்கி நம்ம பள்ளிதான் ஃபர்ஸ்ட்டு. அவங்க கஞ்சியப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க.”

அவளுக்குக் காரணம் புரிந்தது. சிப்புக்குள்ளேயே இருக்கும் துடிப்பை நம்பி எண்ணியிருந்தாள்; சூட்டில் அது வேகமெடுக்கும். சொல்லாமல் விடலாம். தொழுகை நேர அட்டவணைகளுக்குள்ளேயே நிமிடக் கணக்கில் வித்தியாசம் உண்டு, யாரும் கேட்கப் போவதில்லை. சொன்னால், இருபத்திரண்டு வருடம் நேரம் தவறாத மனிதரின் பாங்கு தவறாகும்.

தொழுதுவிட்டு வந்தவரிடம் சொன்னாள். “மாமா, பலகை மூணு நிமிசம் முந்திருச்சு. சூரியன் மறையல.”

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். “சிப்பு தப்பா, நீ தப்பா?”

“சிப்பு அப்புடித்தான். வெயில்பட்டா ஓடும்னு படிச்சும் மறந்தது நான்.”

அவர் எழுந்து போனார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கி பேசியது. “இன்னக்கி பாங்கு முந்தியாயிருச்சு. சொன்னது நான். அதக் கேட்டுத் திறந்தவங்க பெருநாளைக்கு அப்புறம் இதுக்கு ஈடா ஒரு நோன்பக் களாவாப் பிடிச்சிருங்க.” பலகையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மீரா சாகிப் மறுபடி வாசலுக்கு வந்தார். “மோதினாருக்குக் கண்ணு போச்சா? மூணு நிமிசத்துக்கு ஒரு நாளு.”

கமருன்னிசா கதவைத் திறந்தாள். “அவரு சரியாத்தான் பாத்தாரு சாச்சா. பலகைதான் தப்பாக் காட்டுச்சு. செஞ்சது நான்.”

அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். “ஒரு தெருவையே பட்டினி போட்டுட்டியே புள்ளே.” திரும்பிப் போய்விட்டார்.

பெருநாளுக்குப் பிறகு, தனியாக ஒரு கடிகாரச் சிப்பைச் சேர்த்து, பதினைந்து நாள் மொட்டைமாடி வெயிலிலேயே ஓட்டிப் பார்த்துத் தந்தாள். அதே சுவரில் மாட்டினார்கள். தெருவில் பலரும் ஒரே நாளில் களா பிடித்தார்கள். அன்று மாலை மோதினார் பலகையைப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார், உள்ளே போனார்.

மீரா சாகிப் பேரீச்சம்பழத்தை உதட்டருகே பிடித்தபடி வாசலில் நின்றார். “கமரு, ஒம் பலகை நேரமாச்சுங்குது. கடிக்கவா?”

“பாங்கு வரட்டும் சாச்சா.”

பாங்கு வந்தது. பக்கத்துத் தெருவிலும் வந்தது. அவர் கடித்தார்.