விஜயதசமியன்று பறந்த தூசி

நீலாம்பாள் தினமும் காலையில் பள்ளி மாடியில் ஏறி, சூரியனுக்கு நேரே ஒரு பெட்டியை நீட்டிக்கொண்டு நிற்பாள். அப்போது இரட்டை இலை ஆட்சி. உதயசூரியன் கட்சிக்காரி என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. யோசிக்க வேண்டிய விஷயத்தில் ஊர் என்றைக்கு யோசித்தது?

மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளியில் அவள் ஆய்வக உதவியாளர். பெட்டியைக் கொடுத்தவர் தஞ்சாவூர்ப் பேராசிரியர் ஒருவர். காற்றில் மிதக்கும் தூசி, வெயிலில் எவ்வளவு நீலத்தையும் சிவப்பையும் தின்கிறது என்று அது காட்டும். புகை என்றால் நீலம்தான் அதிகம் குறையும். மண்தூசி என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகக் குறையும்.

அந்த வருஷம் அவள் வீட்டு நிலத்துக்கு ஆபத்து வந்தது. உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதார் வைத்தியலிங்கத்திடமிருந்து எடுத்து, கூலிக்காரக் குடும்பங்களுக்குக் கொடுத்த நிலம். "குறுவை அறுத்துட்டு வைக்கோலைக் கொளுத்துறாங்க, ஊரே இருமுது, பட்டாவை ரத்து பண்ணுங்க" என்று அவர் மனுப் போட்டார். ஊர் இருமியது உண்மை. காரணம், பள்ளிக்குக் கிழக்கே மண்சாலையில் ஓடிய அவருடைய லாரிகள்.

புகையா மண்ணா என்று பள்ளிப் பெட்டியே சொல்லட்டும் என்றார் தாசில்தார். வைத்தியலிங்கம் விஜயதசமியாகப் பார்த்து நாள் குறித்தார். ஆயுதபூஜை விடுமுறை, லாரி ஓடாது. பெரிய மூளைதான்.

அன்று காலை மாடியில் நீலாம்பாள் பெட்டியை நீட்டினாள். வானம் பளிச்சென்று இருந்தது. பெட்டியிலோ நீலமும் சிவப்பும் சேர்ந்து பாதாளத்துக்குப் போயின.

"அடேயப்பா! அத்தனையும் மண்ணுதான்" என்று தாசில்தார் பேனாவைத் திறந்தார்.

நீலாம்பாள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பெட்டியின் கண்ணாடியில் சந்தனம். முந்தின நாள் பூஜையில் நுண்ணோக்கி முதல் துடைப்பம் வரை பொட்டு வைத்தவள், இதை மட்டும் விடுவாளா? வாயை மூடிக்கொண்டிருந்தால் நிலம் தப்பும். ஆனால் தொண்டனுக்குத் தலைவன் மேல்கூட அவ்வளவு பக்தி இருக்காது. அவளுக்கு அந்தப் பெட்டியின் மேல் இருந்தது.

"சார், எழுதாதீங்க. நான்தான் சந்தனம் வச்சிட்டேன்" என்று முந்தானையால் துடைத்து மறுபடி நீட்டினாள். இப்போது நீலம் மட்டும் சற்றுக் குறைந்தது. எங்கோ வைக்கோல் எரிந்திருக்கிறது.

"பொகை! எழுதுங்க சார்!" என்று வைத்தியலிங்கம் குதித்தார். தாசில்தார் பேனாவை மறுபடி எடுத்தார்.

அப்போது கீழே எலுமிச்சம்பழம் நசுங்கியது. வாழைக்கன்று கட்டிய அவருடைய லாரிகள் வரிசையாகக் கிளம்பின. கிழக்கே புழுதி எழுந்து வெயிலை மறைத்தது. பெட்டியில் இரண்டு நிறமும் சேர்ந்து விழுந்தன. தாசில்தார் இருமிக்கொண்டே எழுதினார்.

"எவன்டா வண்டிய எடுக்கச் சொன்னது?" என்று வைத்தியலிங்கம் மாடியிலிருந்து கத்தினார்.

முதல் லாரி டிரைவர் அரசப்பன் கைகூப்பினான். "விஜயதசமில ஒரு நடையாவது ஓட்டலன்னா வருஷம் பூரா வண்டி படுத்துக்கும்னு நீங்கதானங்க சொல்வீங்க?"

பட்டா தப்பியது. அடுத்த ஆயுதபூஜைக்கு நீலாம்பாள் பெட்டியின் முதுகில் மட்டும் பொட்டு வைத்தாள். மீதிச் சந்தனத்தைக் கிண்ணத்தோடு கொண்டுபோய் அரசப்பன் லாரிக்குப் பூசினாள்.